மண்டலம் என்று சொன்னது யார்?

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பு என்னைக் கைகழுவிவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் என் வாடகை சைக்கிள் கடை நோட்டில் 'மூணாம் நம்பர் வண்டி, பின்சக்கரம் பஞ்சர்' என்பதுதான். அம்மா தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்த இருபத்தாறு நாளைப் பற்றி எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று இரண்டு தடவை தாளைக் கசக்கிப் போட்டேன். மூன்றாம் தடவை என்னைப் பிடித்து உட்கார வைத்தது மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரின் வக்கீல் இங்கிலீஷில் அனுப்பிய பதில். அதில் அம்மாவைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் கோபத்தில் எழுத்து கோணிக்கொள்ளும். ஏற்கெனவே அது நேராக நிற்பதில்லை.

அம்மா பெயர் பூவம்மாள். நாற்பத்தேழு வயது இருக்கும். அப்பா இறந்து ஆறு வருடம். நடவுக்குப் போகிற பெண்களில் அம்மாதான் முதல் ஆள். அவள் நட்டுப் போகிற வரிசையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நடுவார்கள். போன வருடம் சித்திரையில் அவளுக்கு ஒரு சூடு வந்தது. காய்ச்சல் இல்லை. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குபீரென்று ஏறும். முந்தானை நனைகிற அளவுக்கு வேர்க்கும். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். மறுபடி ஒரு மணி நேரத்தில் வரும்.

நான் சும்மா இருந்தேனா? மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"எம்மா, கல்லு காஞ்சிட்டு. ஒரு தோச ஊத்திக்கிடட்டுமா?"

"சவத்து மூதி! பெத்தவட்ட பேசுத பேச்சாலே இது?"

கரண்டி பறந்து வந்தது. நான் குனிந்தேன். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது அந்தக் கரண்டி மண்டையில் பட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அது என்ன சூடு என்பது பின்னால் ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது. மாதவிலக்கு நிற்கிற வயதில் பெண்களின் உடம்பில் சுரக்கிற ஒரு பொருள் குறைந்துபோகிறது. ஹார்மோன் என்கிறார்கள். அது குறையும்போது உடம்பு கொஞ்ச காலம் இப்படித் தடுமாறும், பிறகு நிறையப் பேருக்குத் தானாகவே அடங்கிவிடும். இதை அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற பேச்சா அது? எண்ணெய் வைத்துக் குளித்தாள், வெந்தயம் தின்றாள், குற்றாலத்தில் சாரல் இறங்கியதும் அருவியில் போய் நின்றாள். "அருவிக்குள்ள நிக்கும்போதே வேர்க்குலே" என்று சொல்லிக்கொண்டு ஈரத் தலையோடு திரும்பி வந்தாள்.

குற்றாலத்துக்குச் சீசனில் யார் யாரோ வருவார்கள். அவர்களோடு மெட்ராஸ் டாக்டர் ஒருவரும் வருவார். அருவிக்குப் போகிற வழியில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து, மூன்று மாதம் வைத்தியம் பார்த்துவிட்டு, அருவி மெலிந்ததும் பெட்டியைக் கட்டிவிடுவார். சீசன் டாக்டர் என்று பெயர். மெட்ராஸ் டாக்டர் என்றால் எங்கள் ஆட்களுக்குப் பாதி நோய் வாசலிலேயே குணமாகிவிடும். அவரிடம் கம்பவுண்டராக இருந்தவன் கோமதிநாயகம், என் கூட்டாளி. நான் எட்டில் நின்றேன். அவன் பத்துவரை போய் அங்கே விழுந்தான். கம்பவுண்டர் என்றால் படித்த கம்பவுண்டர் இல்லை. மாத்திரை எண்ணுவான், பொட்டலம் கட்டுவான், டாக்டர் சொல்வதை நம் பேச்சில் நோயாளிக்குச் சொல்லுவான். பங்களாவை வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்கிற வேலையும் அவனுக்குத்தான். மெட்ராஸுக்குக் கூட்டிப் போய் நிரந்தரமாக வேலை தருவதாக டாக்டர் அவனிடம் சொல்லியிருந்தார்.

அம்மாவை அங்கே கூட்டிப் போனது நான்தான். இதை யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். நாயகம் எங்களைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டான். எவ்வளவு பெருமை எனக்கு!

திரைக்கு உள்ளே அம்மா போனாள். நான் வெளியே நின்றேன். மூன்று நிமிடம் இருக்கும். டாக்டர் ஏதோ கேட்டது காதில் விழுந்தது. அம்மா பதில் சொன்னது விழவில்லை. அவள் சுவரிடம் சொல்லியிருப்பாள். படுக்க வைத்துப் பார்க்கவில்லை, ரத்தம் எடுக்கவில்லை. பிறகு டாக்டர் நாயகத்திடம் இங்கிலீஷும் தமிழும் கலந்து என்னவோ சொன்னார். நாயகம் ஒரு பொட்டலத்தோடு வெளியே வந்தான்.

"அத்தை, தினம் ஒண்ணு. ஒரு மண்டலம் சாப்புடுங்க. முடிஞ்சதும் வாங்க, மறுமண்டலத்துக்குத் தாரேன்."

மண்டலம் என்றால் எங்களுக்கு விளக்கம் வேண்டாம். நாட்டு வைத்தியர் மருந்து கொடுத்தால் நாற்பத்தெட்டு நாள் ஒரு மண்டலம். நடுவில் ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்தியம் இருக்க வேண்டும். அதன்பிறகு மறுமண்டலம் இன்னொரு நாற்பத்தெட்டு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"மெட்ராஸ் டாக்டரா இருந்தாலும் நம்ம முறையெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காவளே!"

அன்றிலிருந்து அம்மா புளியை விட்டாள், கத்திரிக்காயை விட்டாள், கருவாட்டை விட்டாள். காலையில் குளித்துக் கிழக்கே பார்த்து நின்று மாத்திரையை விழுங்கி, அடுப்பங்கரைச் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவாள். பத்துக் கோடு போடுவதற்குள் சூடு போய்விட்டது. மருந்து கேட்டது, அதை நான் மறைக்கவில்லை. நாயகத்துக்கு ஒரு படி பச்சரிசியில் அதிரசம் சுட்டுக் கொடுத்தனுப்பினாள். அவள் பத்தியத்தில் இருந்ததால் அவளுக்கு இல்லை.

மறுமண்டலத்தின் நடுவில் ரத்தம் போகத் தொடங்கியது. நின்றுபோய் ஒரு வருடம் ஆனது மறுபடி வருகிறது. அதற்குள் சாரல் ஓய்ந்து டாக்டர் போய்விட்டார். அம்மா அதைப் பற்றி என்ன நினைத்தாள் என்று பிறகுதான் அக்காவிடம் சொன்னாள்: உள்ளே கிடந்த சூடு வெளியே இறங்குகிறது, மருந்து வேலை செய்கிறது. மண்டலத்தை முறிக்கக் கூடாது என்று மாத்திரையை விடாமல் சாப்பிட்டாள். பழைய சேலையைக் கிழித்துக் கிழித்து மூன்று சேலை முடிந்தது. வீட்டில் நான் ஒருத்தன் இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

தொண்ணூற்றோராவது கோடு போட்ட அன்று பிசானப் பருவத்து நெல் நடவு. அம்மா நட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். வரிசை கோணியது என்று பக்கத்துப் பெண் கேலி பண்ணியிருக்கிறாள். அம்மா வரிசை கோணுவதாவது! அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தபோது அம்மா சேற்றில் சரிந்து கிடந்தாள், சுற்றி நின்ற தண்ணீர் சிவந்திருந்தது. நாற்று ஏற்றி வந்த வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். எனக்கு ஆள் வந்தபோது நான் கடை வாசலில் யாருடைய டியூபிலோ காற்றுப் போகிற ஓட்டையைத் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர், நாகர்கோவில் பக்கத்தவர். அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பாக இருந்தது.

"ரத்தம் ஏத்தணும். நீ மகனா? உன் ரத்தம் சேருமான்னு பாக்கணும்."

"சேருமா டாக்டரம்மா? எங்கம்மா எனக்கும் அவளுக்கும் ஒண்ணுமே சேராதுன்னுல்லா சொல்லுவா."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வாய் தானாகப் பேசியது. ஊசி என்றாலே எனக்கு ஆகாது. இரண்டு தடவை ரத்தம் கொடுத்தேன். இரண்டாம் தடவை மயங்கி விழுந்தபோது நர்சம்மா, "எந்திரிலே, ஒங்கம்மாவே தேவல" என்று முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

முதல் வாரம் ரத்தம் ஏற்றுவதும் அது போவதுமாகவே கழிந்தது. கர்ப்பப்பையின் உள்தோலைச் சுரண்டி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். எடுத்ததைப் புட்டியில் போட்டு வெளியூருக்கு அனுப்பினார்கள். அதில் புற்று இருக்கிறதா என்று பார்க்க. பதில் வர பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளை எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வேப்பமரத்து நிழல் விழும். அது தூணிலிருந்து படிக்கட்டுக்கு நகர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு மனப்பாடம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். அந்த சைக்கிளுக்கு பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. நானே மாற்றிக் கொடுத்தேன், சீக்கிரம் வரட்டும் என்று. பிரேக் மாற்றினால் எப்படிச் சீக்கிரம் வரும் என்று அக்கா கேட்டாள். அவள் கடையத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்து கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருந்தாள்.

நடவுப் பெண்கள் முறைபோட்டு வந்தார்கள். சேறு காயாத காலோடு வந்து வாசலில் கால் கழுவி, தூக்குச் சட்டியில் கொண்டுவந்த கஞ்சியை ஆற்றி ஊட்டினார்கள். ஒருத்தி ஈரல் வறுத்துக் கொண்டுவந்தாள், ரத்தம் ஊறுமாம். அம்மா வாயை இறுக்கிக்கொண்டாள்.

"பத்தியத்துல இருக்கேன்ட்டி. இன்னும் அஞ்சு நாளு பாக்கி."

அதைக் கேட்டுத்தான் லேடி டாக்டர் திரும்பினார்.

"என்ன பத்தியம்? என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சூட்டு மாத்திரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்தோம். நான் வீட்டுக்கு ஓடி மிச்சமிருந்த ஐந்து மாத்திரையைக் கொண்டுவந்தேன். அவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அலமாரியிலிருந்து அதே மாத்திரை உள்ள புட்டியை எடுத்து, அதோடு மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தார். அதில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். எனக்கு விரல் வைத்துப் படித்துச் சொன்னார். குறைந்துபோன ஹார்மோனுக்குப் பதிலாக வெளியிலிருந்து கொடுக்கிற மருந்து. மூன்று வாரம் சாப்பிட்டால் ஒரு வாரம் நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் சாப்பிட்டால் கர்ப்பப்பையின் உள்தோல் தடித்துக்கொண்டே போகும், பிறகு தாங்காமல் ரத்தமாக உடையும். கொடுப்பதற்கு முன்னால் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும். ரத்தம் கண்டால் உடனே நிறுத்த வேண்டும்.

"உங்க அம்மாவுக்கு இதை யாரும் சொல்லலையா?"

"மண்டலம்னு சொன்னாங்க."

அவர் தாளை மடித்தார். மடித்த கோட்டை நகத்தால் திரும்பத் திரும்ப அழுத்தினார். "மண்டலமா?" என்றார். அவ்வளவுதான்.

புற்று இல்லை என்று பதில் வந்தது. அக்கா அழுதாள், நான் தபால்காரருக்கு இரண்டு டயருக்கும் காற்றடித்துக் கொடுத்தேன். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. பத்தொன்பதாம் நாள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அம்மா பிழைத்தாள். இப்போது தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்க முடியாது, சேற்றில் அரை மணி நேரம் குனிந்து நிற்க முடியாது. பெண்கள் களை எடுக்கப் போகும்போது வாசலில் உட்கார்ந்து, "ஏட்டி, வாய்க்கா மேட்டுப் பக்கம் பாம்பு இருக்கும், பாத்து" என்று சொல்லி அனுப்புகிறாள்.

எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருந்தது. அடிக்க வேண்டியவர் மெட்ராஸில் இருந்தார். அதனால் முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஒரு வக்கீலிடம் போனேன். அவர் மூக்குப்பொடிக்காரர், என் கடையில் சைக்கிள் எடுக்கிறவர்.

"மொதல்ல போலீசு," என்றார். "கவனக்கொறவா வைத்தியம் பாத்து உடம்பக் கெடுத்தாருன்னு எழுதிக் குடுக்கலாம். ஆனா குத்தினாரா, வெட்டினாரான்னு கேட்டா என்னலே சொல்லுவே?"

"மண்டலம் போட்டாருன்னு சொல்லுவேன்."

"ஒழுங்காக் கேளு. மருந்து போலியாவோ கெட்டோ இருந்தா அதப் பாக்க அரசாங்கத்துல இன்ஸ்பெக்டர் இருக்காரு. இது நல்ல மருந்து. குடுத்த வெதம்தான் தப்பு. மருந்து செஞ்ச கம்பெனி மேல போவோம்னா, நான்தான் எல்லாத்தையும் தாள்ல எழுதி டாக்டர்ட்ட குடுத்தேனேன்னு கைய விரிப்பான். அந்தத் தாளு ஒங்கம்மா கைக்கு வரல. அது டாக்டர் மேசையோட நின்னு போச்சு."

"அப்ப டாக்டரத்தான் புடிக்கணும்."

"டாக்டர்மார் பேரப் பதிஞ்சு வச்சிருக்க சபை மெட்ராஸ்ல இருக்கு. அங்கன எழுதிப் போட்டா விசாரிப்பாக. பேர அடிச்சாலும் அடிப்பாக. ஆனா அதுல ஒங்கம்மாவுக்கு ஒரு நயா பைசா வராது. மிச்சம் இருக்கது இந்தா, எதுத்தாப்புல தெரியுதே, இந்தக் கோர்ட்டு. நஷ்டஈடு கேட்டு சிவில் பிராது. மருந்து குடுத்தது குத்தாலத்துல, கேடு வந்தது தென்காசியில. அதனால இங்கனயே போடலாம், மெட்ராஸுக்கு அலைய வேண்டாம். ஸ்டாம்பு கட்ட வழியில்லன்னா ஏழைன்னு மனு வைக்கலாம். ஒண்ணு மட்டும் மறந்துராத. கேடு வந்த நாள்ல இருந்து ஒரு வருசம். அதுக்கு மேல ஒரு நாள் தாண்டினாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

ஒரு வருடத்தில் எனக்கு அப்போது ஏழு மாதம் மிச்சம் இருந்தது. வக்கீல் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. மருந்துச் சீட்டு? கொடுக்கவே இல்லை. பொட்டலத் தாள்? அடுப்பில் போய்விட்டது. லேடி டாக்டரின் சர்டிபிகேட்டில் 'இம்மாத்திரையை இடைவிடாமல் உட்கொண்டதால் ஏற்பட்டிருக்கலாம்' என்று இருந்தது. அந்த 'லாம்' வக்கீலுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் டாக்டரம்மா கோர்ட்டுக்கே வந்து விளக்கிச் சொல்லத் தயார் என்று சொன்னதும் வக்கீல் கொஞ்சம் பொடி எடுத்துக்கொண்டார். சுவரில் இருந்த கரிக்கோடுகளைச் சொன்னேன்.

"அது நல்ல சாட்சிலே! கோர்ட்டே ஆள் அனுப்பி வந்து எண்ணச் சொல்லலாம். கேஸு முடியுத வரைக்கும் வெள்ளையடிச்சிராதீக."

பிராது எழுத அம்மாவைக் கூட்டிப் போன அன்று வேறொரு தடை வந்தது. எப்போது நின்றது, எப்போது மறுபடி கண்டது என்று வக்கீல் கேட்டார். அம்மா காலண்டரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போனேன். கதவு மெல்லியது, எல்லாம் கேட்டது.

"அத எழுதாம முடியாதா அய்யா?"

"எழுதாம கேஸே இல்லம்மா. எழுதினா மட்டும் போதாது. எதிர் வக்கீலு கோர்ட்டுல நாலு பேரு முன்னால கேப்பான். திருப்பித் திருப்பிக் கேப்பான்."

நான் வாசலில் நின்று செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது, எனக்கும்தானே வெட்கம்.

"அந்த டாக்டரு கேட்டாரு, சொன்னேன்," என்றாள் அம்மா. "அவரு முன்னபின்ன தெரியாத ஆம்பளதான? அவரு கிட்டச் சொன்னவ, கோர்ட்டுல சொல்ல மாட்டனா? எழுதுங்க."

முதலில் டாக்டருக்கு நோட்டீஸ் போனது. பதில் ஒரு மாதத்தில் வந்தது. வக்கீல் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். "விடுலே, இது அவங்க வழக்கமா எழுதுததுதான்" என்றார். நான் சொல்லச் சொன்னேன். இதுதான் அந்த வரி: 'மூன்று வாரம் மட்டுமே சாப்பிடவும், பின் ஒரு வாரம் நிறுத்தவும் தெளிவாக அறிவுறுத்தப்பட்டும், எழுத்தறிவற்ற இப்பெண் தன் கிராமத்து மூடப்பழக்கத்தின்படி மருந்தைத் தானாகவே நாற்பத்தெட்டு நாள் கணக்கில் விழுங்கித் தன் கேட்டைத் தானே தேடிக்கொண்டாள்.'

தானாகவே! உலகத்தில் எந்த டாக்டருக்கும் என் அம்மா மாதிரி ஒரு நோயாளி கிடைத்திருக்க மாட்டாள். சொன்னதற்கு மேலே பத்தியமும் இருந்தாள். ரத்தம் போகிறபோதும் வாக்கை முறிக்காமல் விழுங்கினாள். நடுநடுவே ஒரு வாரம் சோம்பல்பட்டு விட்டிருந்தால், ரத்தம் கண்டதும் பயந்து நிறுத்தியிருந்தால், கர்ப்பப்பை தப்பியிருக்கும். சொன்ன பேச்சைக் கேட்டதற்கு இது தண்டனை. அதற்கு மேல் மூடப்பழக்கம் என்று பட்டம்!

"இது எதிர்பாத்ததுதான்," என்றார் வக்கீல். "கேஸு முழுக்க இப்ப ஒரு வார்த்தையில நிக்கி. மண்டலம்னு சொன்னது யாரு? டாக்டர் ஆளு சொன்னான்னு ஆச்சுன்னா நம்ம ஜெயிக்கலாம். ஒங்கம்மாவாச் செஞ்சான்னு ஆச்சுன்னா வீட்டுக்குப் போகலாம். கேட்டவன் நீ, ஆனா நீ மகன். சொன்னவன் எங்க?"

சொன்னவன் குற்றாலம் பங்களாவில் இருந்தான். மிதித்துக்கொண்டு போனேன். சீசன் இல்லாத குற்றாலத்தில் ஈயடிக்கும். நாயகம் டாக்டரின் மெத்தைகளை முற்றத்து வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தான். நடந்தது எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு அவன் ஒரு நாளும் வரவில்லை.

"கம்பவுண்டரய்யா, மெத்தைக்கு என்ன மருந்து? ஒரு மண்டலமா, ரெண்டா?"

அவன் கையிலிருந்த கழியைக் கீழே போட்டான்.

"அத்தை எப்படி இருக்காவ?"

"இருக்கா. ஒனக்கு அதிரசம் சுட்டுத் தந்தாள்லா, இப்ப ஒலக்கையத் தூக்க முடியல. ஏலே, உண்மையச் சொல்லு. மண்டலம்னு நீயாச் சொன்னியா?"

"நானாச் சொல்லலலே." குரல் கீழே போயிற்று. "ஒரு கோர்ஸு குடு, அப்புறம் ரிப்பீட்டு கோர்ஸுன்னாரு. கோர்ஸுன்னா எப்படி சார் சொல்லணும்னு கேட்டேன். ஒங்க ஊர்ல மண்டலம்னு என்னமோ சொல்லுவீங்களே, அப்படிச் சொல்லு, அவங்களுக்கு அதான் புரியும்னாரு. நாப்பத்தெட்டு எண்ணிப் பொட்டலம் கட்டினேன். அவரு பாத்துக்கிட்டேதான் இருந்தாரு. மூணு வாரம், ஒரு வாரம்னு ஒரு பேச்சும் பேசல. அந்த வருசம் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் கட்டிக் குடுத்தேன். பொட்டலம் கட்டுனது இந்தக் கைதான்லே."

"இதக் கோர்ட்டுல சொல்லு."

அவன் மெத்தையைத் திருப்பிப் போட்டான்.

"சீக்கிரமே மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்னுருக்காரு. எங்கப்பாவுக்குப் பார்வை போயாச்சு. வீட்டுல சம்பாத்தியம் நான் ஒருத்தன். நான் போயிச் சொன்னா, படிக்காத பய, மருந்து கட்ட ஒனக்கு என்ன அதிகாரம்னு என்னத்தான் புடிச்சு உள்ள போடுவான்."

அவன் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். அந்த மூன்று நிமிட டாக்டர் மெட்ராஸில் மின்விசிறிக்குக் கீழே இருக்கிறார். குற்றாலத்து வெயிலில் நாங்கள் இரண்டு பேர், எட்டில் நின்றவனும் பத்தில் விழுந்தவனும், ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டு நிற்கிறோம்.

"நீ அவரு மெத்தையவே தட்டிக்கிட்டுக் கெட. நல்லாத் தட்டு. எங்கம்மா சாட்சிக் கூண்டுல ஏறி ஊரு முன்னால எல்லாத்தையும் சொல்லப் போறா. அவளுக்கு எழுத்து தெரியாது. ஒனக்கு பத்தாங்கிளாஸு."

திரும்பி வரும்போது ஏற்றம் இறக்கம் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு வேகமாக மிதித்தேன்.

வக்கீல் சொன்னார்: சாட்சிப் பட்டியலில் அவன் பெயரைப் போடுவோம், கோர்ட்டு சம்மன் அனுப்பும், வந்தாக வேண்டும். ஆனால் வந்து மாற்றிச் சொன்னால் நம் சாட்சியே நம்மைக் கவிழ்த்ததாகிவிடும். போடவா, வேண்டாமா? ஒரு வருடக் கெடு முடிய பதினெட்டு நாள் இருந்தது. அம்மாவிடம் கேட்டேன்.

"போடு," என்றாள். "வந்து பொய்தான் சொல்லட்டுமே. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுச் சொல்லட்டும்."

பிராது போட்டாகிவிட்டது. வாய்தா ஓடுகிறது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் சூட்டு மாத்திரை சாப்பிடுகிற அம்மாவோ அத்தையோ இருந்தால், எத்தனை நாள் சாப்பிட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். சீட்டு எழுதி வாங்குங்கள். பொட்டலத்தை அடுப்பில் போடாதீர்கள். கேலி பண்ணிக்கொண்டு மாவுச் சட்டியோடு நிற்கிற மகன் இருந்தால் அவன் முதுகில் ஒன்று வையுங்கள்.

சாட்சிப் பட்டியல் தயாரானதும் அதன் நகல் ஒன்றை, ஒரு வார்த்தையும் எழுதாமல், கவரில் போட்டு நாயகத்துக்கு அனுப்பியிருந்தேன். மூன்றாம் சாட்சி: கோமதிநாயகம், தகப்பனார் பெயர் மாடக்கண்ணு, குற்றாலம். இரண்டு வாரம் பதில் இல்லை. மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிட்டான் என்றே நினைத்தேன். நேற்று கடைக்குத் தபால் கார்டு வந்தது. விலாசம் தவிர அதில் ஒரே ஒரு வரி:

"எங்கப்பா பேரு மாடக்கண்ணு இல்லலே, மாடசாமி, தப்பாப் போட்டா சம்மன் திரும்பிப் போயிரும், திருத்து."